ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லையா?

“இ-நாம் ஏலத்தில் கொப்பரையை எடுத்த வியாபாரி, நாலு நாளாகியும் பணம் போடவில்லை. ‘மார்க்கெட் இறங்கிவிட்டது, கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார். சரக்கு விற்பனைக்கூடத்திலேயே கிடக்கிறது. வேறு ஆளுக்கு விற்கலாமா? நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?”

- வாசகர், திருப்பூர் மாவட்டம்.

சரக்கு இன்னும் கூடத்தை விட்டு வெளியே போகவில்லை என்பதுதான் இந்த வாசகருக்கு இருக்கும் பெரிய பலம். பணம் வரும்வரை அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். ‘இப்போ லோடு ஏற்றுங்க, திங்கட்கிழமை பணம் போட்டுடறேன்’ என்று வியாபாரி சொன்னால் சம்மதிக்கக் கூடாது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பணம் வராதவரை சரக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை விற்றவருக்கு உண்டு. சரக்கு வாங்கியவர் கைக்குப் போய்விட்டால் அந்த உரிமையும் போய்விடும். பிறகு பணத்துக்காக வழக்குப் போடுவதுதான் வழி.

மின்னணு ஏலத்தில் வரும் விலை பிடிக்காவிட்டால் மறுக்க விவசாயிக்கு உரிமை இருக்கிறது. அவர் சம்மதித்து, விற்பனை ஒப்பந்தம் உருவான பிறகு, வியாபாரி தன் இஷ்டத்துக்கு விலையைக் குறைக்க முடியாது. 10 ரூபாய் குறைக்க ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் விவசாயியின் விருப்பம். ஆனால், ஒருமுறை ஒப்புக்கொண்டால் பழைய விலையைக் கேட்க முடியாது. ‘தரம் சரியில்லை’ என்று வியாபாரி பேச்சை மாற்றினால், ஏலத்துக்கு முன்பு எடுத்த தரப் பரிசோதனை அறிக்கையே அதற்குப் பதில். லாட் எண், தரப் பரிசோதனை அறிக்கை, எடைச் சீட்டு, விற்பனை ஒப்பந்தம் ஆகிய நான்கின் நகலையும் உடனே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு ஆளுக்குத் தாராளமாக விற்கலாம். ஆனால், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் விற்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். அந்தச் சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, ‘பணம் கட்டாவிட்டால் மறுபடி விற்கப் போகிறேன்’ என்று வாங்கியவருக்குத் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுத்த பிறகு விற்றால்தான் நஷ்டத்தை அவரிடம் கேட்க முடியும். சொல்லாமல் விற்றால் நஷ்டஈடு கேட்க முடியாது. அதோடு, மறு விற்பனையில் லாபம் வந்தால் அதையும் பழைய வியாபாரி உரிமை கொண்டாடலாம். தக்காளி, வாழை, பூ போன்ற அழுகும் பொருள்களுக்கு மட்டும் இந்த நோட்டீஸ் தேவையில்லை. கொப்பரை, மஞ்சள், பருத்திக்குத் தேவை.

நோட்டீஸுக்கு வக்கீல் கட்டாயமில்லை. ‘இந்தத் தேதி ஏலத்தில், இந்த எண் லாட்டை, இன்ன விலைக்கு எடுத்தீர்கள். இந்தத் தேதிக்குள் பணம் செலுத்தாவிட்டால் மறு ஏலத்துக்கு விட்டு, ஏற்படும் நஷ்டத்தை உங்களிடம் வசூலிப்பேன்’ என்று தெளிவாக எழுதினால் போதும். ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, நகலைக் கூடத்தின் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். போனில் பேசியது, நேரில் திட்டியது எதுவும் பின்னாளில் நிற்காது.

நஷ்டக் கணக்கு எப்படி? உதாரணமாக, 1,000 கிலோ கொப்பரை கிலோ 140 ரூபாய்க்கு ஏலம் போனது என்று வைத்துக்கொள்வோம். மறு ஏலத்தில் 128 ரூபாய்தான் கிடைத்தால், 12 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் நஷ்டம். இதை முதல் வியாபாரியிடம் கேட்கலாம். மறு ஏலமும் கூடத்திலேயே நடந்தால் விலைக்குப் பதிவு இருக்கும். ‘வேண்டுமென்றே குறைத்து விற்றார்’ என்று அவர் சொல்ல முடியாது. அவகாசம் கொடுத்த நாள்களில் கொப்பரையில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

அடுத்து, மாவட்ட விற்பனைக்குழுவின் செயலாளருக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். ஏலத்தில் கலந்துகொள்ளும் வியாபாரி உரிமம் பெற்றவர். அந்த உரிமம் போய்விடுமோ என்ற பயமே பல நேரம் பணத்தைக் கொண்டுவந்துவிடும். அப்படியும் தராவிட்டால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வழக்குப் போடுவதானால், ஒப்பந்தத்தை மீறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

சரக்கைக் கொடுத்துவிட்டுச் செக் வாங்கி, அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் வழி வேறு. வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். இதில் ஒரு கெடுவைத் தவறவிட்டாலும் வழக்கு பலவீனமாகிவிடும்.

‘புகார் கொடுத்தால் அடுத்த சீசனில் நம் சரக்கை எவனும் கேட்க மாட்டான்’ என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. மின்னணு ஏலத்தில் அந்த ஒருவரை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை, மற்ற வியாபாரிகளும் விலை போடுவார்கள். ஒரு விவசாயியிடம் வாக்குத் தவறி, 10 ரூபாயைக் குறைத்துப் பழகியவர், அடுத்தவரிடமும் அதையேதான் செய்வார். வண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன்பு வங்கிக் கணக்கைப் பார்த்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.