'இந்த வயசுல கிட்டாரா?' - திற்பரப்பு பக்கம் முப்பதைத் தாண்டியவர்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்வது?

திற்பரப்பு என்றதும் எல்லோருக்கும் அருவிதான் ஞாபகம் வரும். கோதையாறு சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுகிற இடம். ஒட்டியே மகாதேவர் கோயில். மகா சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடி வருபவர்களுக்கு இது மூன்றாவது கோயில். குளிக்க வந்து, மரச்சீனிக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் கண்ணில் படாத ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் கிட்டார் என்பது அபூர்வப் பொருளே கிடையாது.

குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் என எந்தப் பக்கம் திரும்பினாலும் தேவாலயம் இருக்கிறது. தேவாலயம் இருந்தால் கொயர் இருக்கும். கொயர் இருந்தால் ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், அதை வாசிக்க இரண்டு பையன்கள். 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்து பார்த்தால், இந்த மாவட்டத்தில் கூட்டாகப் பாடுவதற்கு இருநூறு வருடத்துக்கு மேலான பழக்கம் இருக்கிறது. இங்கே 14 வயதுப் பையன் ஒருவன் கிட்டார் கற்க வேண்டுமென்றால் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் கொயர் பிராக்டீஸுக்குப் போய் உட்கார்ந்தால் போதும். ஏதாவது ஒரு அண்ணன் "விரலை இங்க வை மக்கா" என்று ஜி கார்டைக் காட்டிக் கொடுத்துவிடுவார்.

அதே ஆள் 34 வயதில் ஆசைப்பட்டால்? பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது. கொயரில் போய் உட்கார முடியாது. அது சின்னப் பசங்க இடம். கொயரே இல்லாத வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு எப்போதுமே இருந்ததில்லை. டவுனில் இருக்கிற மியூசிக் கிளாஸுக்குப் போய் விசாரித்தால், முதல் கேள்வியே "குழந்தைக்கு எத்தனை வயசு?" என்றுதான் வரும். எனக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கிறது, கல்யாணமே ஆகாத எனக்கு!

25-ல் மூடும் கதவு

இதை வெறும் கூச்சப் பிரச்னை என்று விட்டுவிட முடியாது. இசை கற்பது குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் அரசின் விதிகளிலேயே இருக்கிறது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கானவை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் சேர 12 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். அங்கே குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கிட்டார் இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். நாதஸ்வரமும் தவிலும் ஆதரிக்க ஆள் வேண்டிய கலைகள். அரசுப் பணம் அங்கே போவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் 26 வயதான ஒருவருக்கு நாதஸ்வரம் கற்கவும் அங்கே வழியில்லை என்பதுதான் விஷயம். தொழில்முறைக் கலைஞரை உருவாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் அந்த வயது வரம்பு சரி. பொழுதுக்கும் உழைத்துவிட்டு, தனக்காக ஒரு மணி நேரம் வாசிக்க நினைக்கிறவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் செல்போன். ஆஸ்திரேலியரான ஜஸ்டின் சாண்டர்கோ 2003-ல் இணையத்தில் இலவசப் பாடங்கள் போடத் தொடங்கினார். இன்றைக்கு யூடியூபைத் திறந்தால் தமிழிலேயே பாடம் எடுப்பவர்கள் ஏராளம். 2020 ஊரடங்கு இதை வேறு அளவுக்குக் கொண்டுபோனது. ஃபெண்டர் நிறுவனம் தன் 'ஃபெண்டர் ப்ளே' செயலியை அப்போது மூன்று மாதம் இலவசமாகத் திறந்துவிட்டது. மார்ச் இறுதியில் ஒன்றரை லட்சமாக இருந்த பயனர்கள், ஜூன் இறுதிக்குள் 9 லட்சத்தைத் தாண்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஸ்கூல் பசங்களும் இல்லை, பெரிய பகுதி வேலைக்குப் போகிற வயதுக்காரர்கள்.

சரி, வந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஃபெண்டரின் தலைவராக இருந்த ஆண்டி மூனியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. கிட்டார் வாங்கும் புதியவர்களில் 90 சதவிகிதம் பேர் முதல் வருடத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் 10 சதவிகிதம் பேர்தான் வாழ்நாள் முழுக்க கிட்டாரும் ஆம்ப்ளிஃபயருமாக வாங்கிக்கொண்டே இருப்பவர்கள். 2017-ல் அந்தச் செயலியைக் கொண்டுவந்ததே, விட்டுப்போகிறவர்களின் எண்ணிக்கையைக் கொஞ்சமாவது குறைக்கத்தான். நிறுவனத்தின் நோக்கம் வியாபாரம், அதில் தப்பில்லை. நமக்கு வேண்டியது அந்த 90 என்ற எண். பாடம் இலவசமாகக் கையில் இருக்கிறது, கிட்டாரும் வீட்டில் இருக்கிறது. அப்புறமும் ஏன் விடுகிறார்கள்?

முதலில் விரல், அப்புறம்தான் மூளை

'வயசாயிட்டா மூளைக்கு ஏறாது' என்பதுதான் நாம் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் காரணம். அமெரிக்க அறிவாற்றல் விஞ்ஞானி கேரி மார்கஸ் நாற்பதை நெருங்கும்போது, தாளமே பிடிபடாத ஆளாக, கிட்டாரைக் கையில் எடுத்தார். அந்த அனுபவத்தை வைத்து 2012-ல் 'கிட்டார் ஜீரோ' என்ற புத்தகத்தையே எழுதினார். பெரியவர்களால் முடியும், மெதுவாக முடியும் என்பதுதான் அவர் வந்து சேர்ந்த இடம். 60 முதல் 85 வயது வரையானவர்களுக்கு ஆறு மாதம் பியானோ சொல்லிக் கொடுத்து, 2007-ல் ஜெனிஃபர் பூகோஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கவனமும் வேகமும் தேவைப்படும் சில சோதனைகளில் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஆகா ஓகோ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'ஏறவே ஏறாது' என்பது பொய்.

உதாரணம் காட்ட இளையராஜாவைச் சொல்வார்கள். 1943-ல் பிறந்தவர், 1968-ல் சென்னைக்கு வந்த பிறகுதான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றார். அப்போது வயது 25. உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராக வாசித்துத் தள்ளியவர் அவர். நம்மை அவரோடு ஒப்பிட்டு உற்சாகப்படுத்திக்கொள்வது, சைக்கிள் கற்கிறவருக்கு விமானியை உதாரணம் காட்டுவது மாதிரி. எனக்கு அதிகம் பிடித்தது வெஸ் மான்ட்கோமரியின் கதை. ஜாஸ் உலகின் பெரிய பெயர். கிட்டத்தட்ட 20 வயதில், கல்யாணம் ஆன பிறகு, சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டைக் கேட்டுவிட்டு கிட்டாரைத் தீவிரமாகப் பிடித்தவர். பகலில் வேலை. ராத்திரி வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு. அதனால் பிளக்ட்ரமை வைத்துவிட்டு, கட்டைவிரலால் மெதுவாக மீட்டினார். பின்னால் அதுவே அவருடைய அடையாளமாகிப்போனது.

நிஜமாகவே பெரியவர்களை விரட்டுவது விரல் நுனிதான். சாதாரண ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. அந்தக் கம்பியைத் தினமும் அழுத்தினால் முதல் இரண்டு, மூன்று வாரம் விரல் எரியும். பிறகு தோல் காய்த்துப் போகும். குழந்தைகள் விரல் வலித்தால் "வலிக்குது" என்று ஓடிப்போய் மறுநாள் திரும்பி வருவார்கள். நாம் வலித்தால், "நமக்கு இது சரிப்படாது" என்று ஒரு தீர்ப்பே எழுதிவிடுகிறோம். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்குக் கை ஏற்கெனவே காய்த்துத்தானே இருக்கும் என்று கேட்கலாம். வெட்டுக்கத்தி காய்க்க வைப்பது உள்ளங்கையை. கிட்டார் கேட்பது இடது கை விரல் நுனியை. அங்கே எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்துதான்.

கம்பிக்கும் ஃப்ரெட் பலகைக்கும் நடுவில் இருக்கும் உயரத்தை 'ஆக்‌ஷன்' என்பார்கள். 12-வது ஃப்ரெட்டில் அது இரண்டரை, மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் அழுத்துவது சுலபம். மலிவாக வாங்கும் பல கிட்டார்களில் இது இதைவிட அதிகமாக இருக்கும். எஃப் கார்டு வரும்போது, ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்தச் சொன்னால், ஆள் அன்றைக்கே கிட்டாரை பீரோ மேல் போட்டுவிடுவார். பீரோ மேல் கிடக்கும் கிட்டார்களில் பாதியாவது ஆளின் குறையால் போனதில்லை, செட்டிங் செய்யாததால் போனவை என்பது என் கணிப்பு. வாங்கின கடையிலேயே ஆக்‌ஷனைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். கம்பியையும் '10' என்ற மெல்லிய செட்டாக மாற்றச் சொல்லுங்கள். யமஹா சென்னை அருகே தொழிற்சாலை போட்டு, 2019-லிருந்து இங்கேயே கிட்டார் செய்கிறது. கொல்கத்தாவின் கிவ்சன் இன்னும் மலிவு. பிராண்டைவிட இந்த இரண்டு வேலைதான் முக்கியம்.

மழை பெய்தால் லீவு

திற்பரப்பு பக்கத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. ரப்பர் வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்க மதியம் ஆகும். பிறகு உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஆன்லைன் கிளாஸ் என்றால், அது ஐ.டி வேலைக்காரருக்கு வசதி. மூன்று மணிக்கு எழ வேண்டியவருக்குப் படுக்கிற நேரம். நிஜமாக ஓய்வு கிடைப்பது மழை நாளில்தான். மழையில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. அந்த மழைதான் கிட்டாருக்குப் பகை. ஈரக்காற்றில் மேல் பலகை உப்பும், ஆக்‌ஷன் ஏறும், கம்பி துருப்பிடிக்கும். ஆள் ஃப்ரீயாக இருக்கிற மாதங்களில் கருவி சண்டித்தனம் செய்யும். இந்த ஊருக்கு ஒட்டுப்பலகையில் செய்த கிட்டாரே நல்லது. முழுப்பலகை கிட்டார் தொனியில் உசத்தி, பராமரிப்பில் பச்சைக் குழந்தை. வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து, பைக்குள் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஓடு வேய்ந்த வீட்டில் சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

(இன்னொரு வேடிக்கை. உலகத்தின் நல்ல கிட்டார்களில் முதுகுக்கும் ஃப்ரெட் பலகைக்கும் தேடப்படும் 'இந்தியன் ரோஸ்வுட்' வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 2017-ல் அந்த மர வகை முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, கிட்டார் கம்பெனிகள் மாற்று மரம் தேடி அலைந்தன. 2019-ல்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. மலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாம் வாங்கும் நாலாயிரம் ரூபாய் கிட்டாரில் அந்த மரத்தின் வாசனைகூட இருக்காது.)

பெண்களுக்கு இதெல்லாம் இன்னும் ஒரு படி கஷ்டம். நான் பார்த்தவரை இந்தப் பகுதி கொயர்களில் பாடுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், கருவிகள் பெரும்பாலும் ஆண்கள் கையில். அதனால் சின்ன வயதில் ஓசியில் கற்கும் அந்த வாய்ப்பும் பாதிப் பேருக்குக் கிடைத்ததில்லை. 35 வயதில் ஒரு அக்கா கிட்டாரோடு திண்ணையில் உட்கார்ந்தால், "பிள்ளையளுக்கு சோறு பொங்கியாச்சா?" என்று கேட்கத் தெருவில் ஆள் இருக்கிறது. அண்ணன் உட்கார்ந்தால் யாரும் கேட்பதில்லை.

காது நம் பக்கம்

பெரியவர்களுக்கு ஒரே ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. அதை எந்தச் செயலியும் பயன்படுத்திக்கொள்வதில்லை. நாற்பது வருடம் ரேடியோ கேட்ட காது அது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் ஆர்.சந்திரசேகர் வாசித்த அந்த கிட்டார் ஒலியை, கிட்டாரைத் தொட்டே பார்க்காத ஆளும் ராகம் பிசகாமல் முணுமுணுப்பார். செயலியோ அவருக்கு முதல் பாடமாக 'ட்விங்கிள் ட்விங்கிள்' கொடுக்கும். முப்பது வயதுக்கு மேல் ஒருவர் அதை எத்தனை நாள் வாசிப்பார்? மேற்கத்திய மேஜர் ஸ்கேல்தான் நம் சங்கராபரணம், நேச்சுரல் மைனர் நடபைரவி, ஐந்து சுர மேஜர் பென்டடானிக் மோகனம். நாலு கார்டு கைக்கு வந்தால் தெரிந்த பாட்டு எத்தனையோ ஓரளவுக்கு ஓடும். சுருதி ஒத்துவராத பாட்டுக்கு ஒரு கேப்போ மாட்டிக்கொள்ளலாம். கமகம் எல்லாம் பிறகு. தெரிந்த பாட்டிலிருந்து தொடங்குகிற ஆசிரியர் கிடைத்தால், ஆள் மூன்றாவது மாதத்திலும் வகுப்புக்கு வருவார்.

ஆக, பாடத்துக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் இருப்பது கூட உட்காரும் ஆளுக்கு. கொயர் பையன் நிலைப்பதற்குக் காரணம் அடுத்த ஞாயிறு அவனுக்காக ஒரு பாட்டு காத்திருப்பதுதான். பெரியவர்களுக்கு அப்படி ஒரு ஞாயிறு இல்லை. நூலகத்தின் ஒரு அறை, பள்ளி முடிந்த பிறகு ஒரு வகுப்பறை, கோயிலின் கலையரங்கம், சபையின் ஹால் - இதில் ஏதாவது ஒன்றை வாரத்துக்கு ஒரு மதியம், இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை திறந்து வைப்பதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் அதற்கும் வெளியூர் போக வேண்டாம். கொயரில் வாசித்து, இப்போது கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன்களும், வாசிக்க இடம் கிடைக்காத பெண்களும் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். மணிக்கு இருநூறு ரூபாய் என்றாலும் பத்துப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு இருபது.

இடம் திறக்கும்வரை, வீட்டில் தினம் இருபது நிமிடம் வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் அமர்வதைவிட அது நல்லது. விரலும் தாங்கும், பக்கத்து வீடும் தாங்கும். கட்டைவிரலால் மீட்டினால் ராத்திரியிலும் வாசிக்கலாம்.