தடுத்தவரையும் நினைப்போம்!

கால்பந்தில் கோல் போட்டவர் பேர்தான் எல்லார் வாயிலும் வரும். பின்னால் நின்னு தடுத்தவரை யார் கேட்கிறாங்க?

ருமேனியாவின் தடுப்பாட்டக்காரர் மியோட்ராக் பெலோடெடிச்சைப் பாருங்கள். 1986-ல் ஸ்டாவா புக்கரெஸ்ட் அணியோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1988-ல் நாட்டை விட்டு யூகோஸ்லாவியாவுக்குப் போயிட்டார். துரோகி என்று சொல்லி, ஆள் இல்லாமலேயே 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 1991-ல் ரெட் ஸ்டார் பெல்கிரேடு அணியோடு மறுபடியும் அதே கோப்பை! இரண்டு அணிகளுக்காக இறுதிப் போட்டியில் ஆடி அதை வென்ற முதல் வீரர் இவர்தான்.

அந்த இரண்டு இறுதிப் போட்டியிலும் சேர்த்து 240 நிமிடம். பார்சிலோனாவும் சரி, மார்சேயும் சரி, ஒரு கோல்கூடப் போட முடியல. இரண்டுமே பெனால்டியில்தான் முடிந்தன.

1989-ல் ஆட்சி கவிழ்ந்தது. துரோகி என்ற நாடே அவரைத் திரும்ப அணியில் சேர்த்தது. 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில் அவர் அடித்த பெனால்டியை சுவீடன் கோல்கீப்பர் தடுத்துட்டார். ருமேனியா வெளியேறியது.

அந்த ஒரு உதையை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது நியாயமா? தடுத்த பந்துகளுக்குக் கணக்கு எழுத யாருமில்லை. தவறிய பந்துக்கு மட்டும் எல்லாரும் கணக்கு வைக்கிறோம். இது சரியில்லை என்பதே என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி