‘அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க’

குழித்தறியின் அச்சு தேய்ந்தால் புது அச்சு கிடைக்கும். விழுது அறுந்தால் கட்டிக்கொள்ளலாம். நாடா பிளந்தால் அதே அளவில் இன்னொன்று வாங்கலாம். டிசைன் எடுக்கும் ஜக்கார்டு பெட்டியில் கொக்கி வளைந்துபோனால், நிமிர்த்திக் கொடுக்கத் தெரிந்தவர் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறார். செவிலிமேட்டுப் பக்கமானாலும் சரி, ஊருக்கு நடுவே ஆனாலும் சரி, தாத்தா உட்கார்ந்த தறியில் பேரன் உட்காருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தறியின் உறுப்புகள் தனித்தனியாகக் கழலும். தனித்தனி ஆட்களால் செய்யப்படும். அவற்றில் எதுவும் ஒரே கம்பெனியின் பூட்டுக்குள் கிடப்பதில்லை.

அதே ஊரில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் பழைய வேக்குவம் கிளீனர் ஒன்று கிடக்கும். தூசியை உறிஞ்ச வந்தது, இப்போது தூசிக்குள் கிடக்கிறது. இறக்கி பிளக்கில் மாட்டினால் பல நேரம் மோட்டார் உறுமும். பயன்படாமல் போனதற்குக் காரணம் வேறாக இருக்கும்: குழாயைப் பெட்டியோடு பிணைக்கும் பிளாஸ்டிக் கவ்வி உடைந்திருக்கும், மூடியைச் சுற்றிய ரப்பர் வளையம் இறுகி வெடித்திருக்கும், அல்லது உள்ளே இருந்த பை கிழிந்திருக்கும். கடைக்குக் கொண்டுபோனால் பதில் தயாராக இருக்கும். “அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க. புதுசா ஒண்ணு எடுத்துக்குங்க.”

இந்தியாவில் இந்தக் கருவி பரவிய கதை நடுத்தர வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1982-இல் ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ் கூட்டோடு யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியது. டை கட்டிய விற்பனையாளர்கள் வீடு வீடாக ஏறி, மெத்தையிலிருந்து உறிஞ்சிய அழுக்கை வீட்டுக்காரர் கண்ணெதிரே கொட்டிக் காட்டினார்கள். வெட்கத்திலேயே பாதிப் பேர் வாங்கியிருப்பார்கள். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த 120 வோல்ட் கருவிகள் வேறு உண்டு. அவற்றை இங்குள்ள 230 வோல்ட்டில் நேராகச் செருகி ஒரே நிமிடத்தில் புகையவிட்ட வீடுகளும் உண்டு.

நின்றுபோன மாடலுக்கு உயிர் கொடுக்க முடியுமா? பெரும்பகுதிக்கு முடியும். வேக்குவம் கிளீனரின் மோட்டாரும் மிக்ஸியின் மோட்டாரும் ஒரே சாதி. இரண்டிலும் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது தேய்ந்துகொண்டே வரும் இரண்டு கார்பன் பிரஷ்கள்தான். மோட்டார் காயில் கட்டும் எந்தக் கடையிலும் கார்பன் பிரஷ் இருக்கும். சரியான அளவு இல்லையென்றால் சற்றுப் பெரியதை வாங்கி, உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஆட்டம் இல்லாமல், அதே சமயம் இறுகாமல் அது தன் கூட்டுக்குள் வழுக்கி இறங்க வேண்டும். இல்லையென்றால் தீப்பொறி பறந்து, பிரஷ் உரசும் செம்புப் பட்டைகளையே தின்றுவிடும்.

பேரிங் கதை இன்னும் சுவையானது. பல கருவிகளில் இருப்பது 608 என்ற எண்ணுள்ள பேரிங். உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. ஸ்கேட்டிங் சக்கரத்திலும், சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் விரலில் வைத்துச் சுழற்றிய ஸ்பின்னரிலும் இருந்தது இதுவேதான். உலகம் முழுக்க ஒரே அளவு என்பதால், செய்த கம்பெனி மூடிப்போனாலும் பேரிங் அநாதை ஆவதில்லை. ஆனால் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் மோட்டாருக்கு மலிவுச் சரக்கு சரிப்படாது. மூடியுள்ள, வேகம் தாங்கும் ரகம் கேட்டு வாங்க வேண்டும்.

சுருள் குழாய் பெரும்பாலும் கைப்பிடியை ஒட்டித்தான் கிழியும். பல மாடல்களில் அந்த இடத்தில் இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, கைப்பிடியைத் திருகாணி போலத் திருகி மாட்டிவிடலாம். பையைத் தையற்காரரே தைத்துக் கொடுப்பார். நெசவு ஊரில் துணி பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும் ஒரு எச்சரிக்கை: இழை நெருக்கமில்லாத துணியில் நுண்தூசி புகுந்து மோட்டாருக்குப் போகும், மிச்சம் அறைக்கே திரும்பிவிடும். தூசியை ஓரிடத்திலிருந்து எடுத்து வீடு முழுக்கத் தெளிக்க ஒரு மின்சாரக் கருவி வேண்டியதில்லை. அதற்குத் துடைப்பமே போதும்.

மாட்டிக்கொள்வது எங்கே? அந்தக் கவ்வியிலும் ரப்பர் வளையத்திலும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவு. அதே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாற்றம். காஞ்சிபுரத்துக்காரர் பஸ் பிடித்து சென்னை ரிச்சி தெருவில் இறங்கினால் சுவிட்சும் ஒயரும் கிடைக்கும், கவ்வி கிடைக்காது. விலையில் மிகச் சிறிய உறுப்புதான் மொத்தக் கருவியையும் பழைய இரும்புக்காரரிடம் அனுப்புகிறது.

மிக்ஸிக்கு மட்டும் இந்தக் கதி வரவில்லை. அதன் பின்னணியிலேயே ஒரு ஸ்பேர் பிரச்சினை இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் பம்பாயில் மாதுரி மாத்தூரின் ஜெர்மன் பிரவுன் மிக்ஸி பழுதானது. இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை. சீமென்ஸில் வேலை பார்த்த அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், இந்திய அரைப்புக்குத் தாங்கும் மோட்டாரோடு தாமே ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். அதுதான் சுமீத். பின்னாளில் சுமீத்தின் தயாரிப்பே நொடித்தது. ஆனாலும் மிக்ஸிக்கு ஜாரும் பிளேடும் கப்ளரும் செய்துதர ஊர்தோறும் ஆள் இருந்தார்கள். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு மிக்ஸி இல்லாத வீடு அரிதாயிற்று. பழுது பார்க்கும் கடைக்கும் வேலை பெருகியது. வேக்குவம் கிளீனருக்கு அந்தக் கூட்டம் சேரவில்லை. பத்துப் பேர் கேட்காத உறுப்பை எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார்? சந்தை தானாகச் சரிசெய்யாத இடம் இது. சட்டம் நுழைய வேண்டியதும் இங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து வேக்குவம் கிளீனரின் மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும், குழாய் 40,000 முறை அசைத்து வளைத்த பிறகும் பயன்பட வேண்டும் என்று விதித்தது. வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டுகிற வீட்டில் 500 மணி நேரம் என்பது 19 ஆண்டு. மோட்டார் 19 ஆண்டு வாழும். கவ்விக்கு ஸ்பேர் எத்தனை ஆண்டு வரும்? பிரான்ஸ் இதையும் கேட்டது. 2022 நவம்பரிலிருந்து அங்கே வேக்குவம் கிளீனரை விற்கும்போதே, அது எவ்வளவு எளிதில் பழுது பார்க்கக்கூடியது என்று பத்துக்கு மதிப்பெண் காட்ட வேண்டும். ஸ்பேர் கிடைப்பதற்கும் ஸ்பேரின் விலைக்கும் அதில் தனித்தனிப் பங்கு உண்டு.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2014-இல் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் தராமல் அடைத்து வைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் சிலருக்குத் தொகை குறைந்தது. 2022 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையவாசல் திறந்தது. பிரான்ஸைப் போலவே மதிப்பெண் முறை கொண்டுவர அமைத்த குழுவும் 2025-இல் அறிக்கை தந்துவிட்டது. ஆனால் அது முதலில் எடுத்துக்கொண்டது கைபேசியையும் டேப்லெட்டையும். வீட்டுச் சாமான்கள் வரிசையில் பின்னால் நிற்கின்றன.

கம்பெனிகள் சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. முப்பது ஆண்டுக்கு முந்தைய மாடலின் வார்ப்பச்சைப் பாதுகாத்து, ஆண்டுக்கு நாலு பேருக்காகக் கவ்வி வார்ப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. பழைய கருவி மின்சாரத்தைக் குடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் 1,000 வாட் கருவியை வாரம் அரை மணி ஓட்டினால் ஆண்டுக்கு 26 யூனிட்தான் ஆகிறது. அதற்காக முழுக் கருவியையும் குப்பையில் போடச் சொல்வது பொருந்தாத கணக்கு.

ஆகவே ஸ்பேரைக் காலமெல்லாம் அடுக்கி வைக்கச் சொல்ல வேண்டாம். வரைபடத்தை வெளியிடச் சொன்னால் போதும். விற்கும்போது, எத்தனை ஆண்டு ஸ்பேர் வரும் என்று பெட்டியின் மேலேயே அச்சிடட்டும். தயாரிப்பை நிறுத்துகிற அன்று, கவ்வி, வளையம், பை ஆகியவற்றின் அளவுகளை எவரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி வெளியிடட்டும். 2025-இல் பிலிப்ஸ் நிறுவனம் செக் நாட்டில் தன் ஷேவருக்கான ஒரு சீப்பின் முப்பரிமாண அச்சுக் கோப்பை இலவசமாகவே கொடுத்தது. சீப்புக்கு முடிந்தது கவ்விக்கு முடியாதா? இந்த அளவுகள் வெளியே வந்தால் பாதுகாப்பு கெடும் என்ற வாதம் மின்சாரம் ஓடும் பகுதிகளுக்கு ஓரளவு பொருந்தும். ரப்பர் வளையத்துக்குப் பொருந்தாது.

செவிலிமேட்டு வாசகருக்குப் பரணில் கிடக்கிற கருவியைவிட அவசரமான ஒன்று உண்டு. காஞ்சித் தறிகளின் மேல் இப்போது மின்னணு ஜக்கார்டு ஏறிக்கொண்டிருக்கிறது. அட்டை குத்தும் வேலை மிச்சம், டிசைன் மாற்றுவது நொடி வேலை, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பலகை எரிந்தால், கொக்கியை நிமிர்த்துகிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. விற்றவரைத்தான் கூப்பிட வேண்டும். கூட்டுறவுச் சங்கமோ அரசோ அடுத்த முறை அதை வாங்க டெண்டர் விடும்போது, எத்தனை ஆண்டுக்கு ஸ்பேர், நிறுத்தினால் பலகையின் வரைபடம் யாருக்கு என்று இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லி, நெசவாளர்கள் இப்போதே கேட்கலாம்.