தூண்டில் போட ஒருவர்... கடலைப் பார்க்க ஒருவர்!

கடற்கரைக்குப் போனால் என்ன செய்வோம்? அலையில் கால் நனைப்போம், மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவோம், நாலு செல்ஃபி எடுப்போம், கிளம்பிவிடுவோம். ஆனால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களில் சிலர், பைக்கில் நீளமான பை ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது தூண்டில். படகு வேண்டாம், வலை வேண்டாம். கரையில் நின்றபடியே மீன் பிடிக்கிறவர்கள் இவர்கள்.

இந்த வாரம், அப்படிக் கிளம்பிய இரண்டு நண்பர்களின் மாலைப்பொழுது.

அலை பார்த்துக் கிளம்பு!

மாசி மாத ஞாயிறு, மாலை நாலரை மணி. இடம், சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளம். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். ஒருவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எட்டு வருடமாகத் தூண்டில் போடுகிறவர். மற்றவர் ஐ.டி ஊழியர், தூண்டிலைத் தொடுவதே இதுதான் முதல்முறை. கடந்த மூன்று வருடங்களாக வாட்ஸ்அப் 'குட் மார்னிங்'கோடு நின்றுபோயிருந்த நட்பு.

நாலரை மணி என்று முடிவு செய்தது இவர்கள் அல்ல, கடல். நம் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகமாக இருக்கும். நீர் ஏறும்போது இரை தேடும் மீன்களும் கரையை நெருங்கும். அந்த நேர அட்டவணை இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது.

கரைக்கு வந்ததும் கடைக்காரர் பையைப் பிரிக்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் போனார். "ஐயா, இங்க தூண்டில் போடலாங்களா?"

"அந்தப் பக்கம் வேணாம் தம்பி, தண்ணி உள்ள இழுக்கும். இப்படி வடக்கால போய் நில்லுங்க."

அவர் கை காட்டிய இடத்தில் அலையே இல்லை. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாக இருந்தது. புதியவருக்கு அதுதான் நல்ல இடமாகத் தெரிந்தது. உண்மையில் ஆபத்தானதும் அதுதான். கரைக்கு வந்த நீர் எல்லாம் சேர்ந்து கடலுக்குள் திரும்பிப் போகும் பாதை அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது; பலம் தீர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

தூரம் வீசினால்தான் மீனா?

ராடு, ரீல், நரம்பு, ஈயம், முள். இவ்வளவுதான் சாமான். நரம்பு என்பது நைலான் இழை. இரை, வரும் வழியில் வாங்கிய சின்ன இறால்.

புதியவர் முழு பலத்தையும் திரட்டி எட்டின மட்டும் வீசினார். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பழகியவரோ முதல் அலை உடையும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், கூப்பிடு தூரத்தில் போட்டார். அலை மணலைக் கிளறும்போது புழுவும் சின்ன இறாலும் வெளியே வரும். அதைத் தின்ன கிழங்கான் அங்கேதான் காத்திருக்கும்.

ராடின் நுனி இரண்டு முறை தலையாட்டியது. முதல் மீன், ஒரு சாண் கிழங்கான். அடுத்து ஒரு கீச்சான். கையில் எடுத்ததும் உறுமுவதுபோல் சத்தம் போட்டது. உள்ளங்கை அளவுகூட இல்லை. கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, திரும்பக் கடலில் விட்டார்.

"பிடிச்சதை ஏன்டா விடுற?"

"வளரட்டும் மச்சான். அடுத்த வருஷம் வந்து பிடிச்சுக்கலாம்."

முகம் பார்க்காத பேச்சு

கோவளத்தில் சூரியன் கடலில் மறையாது. முதுகுக்குப் பின்னால் இறங்கும். நம் நிழல்தான் நீண்டு நீண்டு தண்ணீரைத் தொடும். அந்த நேரத்தில், யாரும் கேட்காமலே புதியவர் பேச ஆரம்பித்தார். அப்பா இறந்து நாலு மாதம். காரியம் முடிந்து மூன்றாம் நாள் வேலைக்குப் போனது. அம்மா இன்னும் இரண்டு டம்ளர் காபி போடுவது. இதை யாரிடமும் சொல்லாதது.

கடைக்காரர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. 'ம்' கொட்டினார். இரண்டு பேர் கண்ணும் கடல் மேல். எதிரெதிரே உட்கார்ந்து காபி ஷாப்பில் வராத பேச்சு, பக்கத்துப் பக்கத்தில் நின்றால் வந்துவிடுகிறது.

அப்போதுதான் புதியவரின் நரம்பு இழுத்தது. முதல் மீன்! பேச்சும் சந்தோஷமும் கலந்த வேகத்தில் சுற்றி இழுத்து, துள்ளிய மீனை வெறும் கையால் பிடித்துவிட்டார். அடுத்த நொடி அலறல். அது கெளுத்தி.

டீக்கடை வெந்நீர்

கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, செதிலற்ற உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள். ரம்பம் போன்ற பல்லும் விஷமும் உண்டு. உயிரைப் பறிப்பது அரிது என்றாலும், வலி ஆளையே சுருட்டிவிடும். புதியவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் பதறவில்லை. காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவினார். கயிறு கட்டவில்லை, கீறவில்லை, வாய் வைத்து உறிஞ்சவில்லை. நண்பரைத் தோளில் தாங்கி நேராகப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனார். "அண்ணே, ஒரு வாளியில வெந்நீர் வேணும், கொதிக்கிறது வேணாம்."

இந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். தாங்கும் அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரியில், 30 முதல் 90 நிமிடம் வரை காயத்தை முக்கி வைப்பதுதான் முதலுதவி. சூட்டைக் காயம்படாத கையால்தான் சோதிக்க வேண்டும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடலாம். கடைக்காரர் தன் கையை விட்டுப் பார்த்த பிறகே நண்பரின் கையை இறக்கினார். ஆற ஆற மாற்றி ஊற்றினார். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது.

அதோடு நிற்கவில்லை. முள்ளின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், காயம் சீழ் பிடிக்கலாம். அதனால் அங்கிருந்து மருத்துவமனை, டி.டி ஊசி. மூச்சுத்திணறல், மயக்கம் என்றாலோ, முள் கழுத்திலோ நெஞ்சிலோ குத்தியிருந்தாலோ வெந்நீருக்காகக் காத்திருக்காமல் உடனே 108.

தனியாக வந்திருந்தால்? வலிக்கும் கையோடு இருட்டில் பொருட்களைச் சுருட்டி, பைக்கை ஓட்டியிருக்க வேண்டும். அலை இழுத்திருந்தால் பார்க்கவே ஆள் இருந்திருக்காது. தூண்டில் போட ஒருவர் போதும். ஆனால், கரையில் இருந்து வீடு திரும்ப இன்னொருவர் வேண்டும்.

கிளம்பும் முன்...

* கடல் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். 'இன்காய்ஸ்' எனும் மத்திய அரசு நிறுவனம் இதை வெளியிடுகிறது. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரப் புயலால் கடல் பொங்கிவரும். இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது, இந்த எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான்.

* இடத்தை உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். வலை விரித்த இடத்திலும், குளிப்பவர்கள் இருக்கும் இடத்திலும் வேண்டாம். வீசும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள்.

* தெரியாத மீனைக் கையால் தொடாதீர்கள். குறடும் துணியும் இருக்கட்டும். உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் சிக்கினால் விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது; மாற்று மருந்தும் இல்லை.

* அறுந்த நரம்பை மணலில் போடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளின் காலில் சிக்கும். டார்ச் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

* அவசர எண்கள்: 112, 108. கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093.

இந்தப் பட்டியலில் முதலில் எடுத்துவைக்க வேண்டியது ராடோ ரீலோ அல்ல. ரொம்ப நாளாக வெறும் 'குட் மார்னிங்' மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் நண்பர் யாராவது இருப்பார். இந்த ஞாயிறு அவரைக் கூப்பிடுங்கள். மீன் சிக்குகிறதோ இல்லையோ, பேச்சு சிக்கும்.