விடைத்தாளில் இருந்தால் போதுமா?

தேசிய அறிவியல் தினத்தையொட்டி மும்பையில் ஒரு சங்கத்தார் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொது அறிவியல் வினாடி வினா நடத்தினார்கள். நல்ல காரியம். மண்டபம் நிறையக் கூட்டம். செய்தி எழுதப் போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிச் சுற்றில் ஒரு கேள்வி: "தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடுவது ஏன்?"

வாசகர்களும் சொல்லிப் பாருங்கள். 'வெயிலில் இரும்பு நீளும், அதற்கு இடம் வேண்டும்' என்றுதானே சொல்வீர்கள்? நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். விடைத்தாளிலும் அதுதான் இருந்தது.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "மெயின் லைன்ல இப்ப இடைவெளி விடறதில்லை சார். வெல்டிங் பண்ணி ஒரே நீளமா ஆக்கிடறாங்க" என்றான். கேள்வி கேட்டவர் தாளைப் பார்த்தார். "தவறு" என்று சொல்லி அடுத்த பையனிடம் போய்விட்டார். அந்த 2 மதிப்பெண்ணில் மூன்றாம் பரிசு கைநழுவியது. மூன்றாம் பரிசு என்ன தெரியுமா? ஓராண்டுக்கான பாடப் புத்தகங்களும் நோட்டுகளும். பையனின் தகப்பனார் லைனில் வேலை பார்க்கும் கேங்மேன்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பதால் எனக்கும் கொஞ்சம் தெரியும். பையன் சொன்னதே சரி. 13 மீட்டர் நீளத் தண்டவாளம் 40 டிகிரி சூடு ஏறினால் சுமார் 6 மில்லி மீட்டர் நீளும். பிஷ் பிளேட் போட்டு இணைத்த பழைய பாதையில் இடைவெளி விட்டது அதற்காகத்தான். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது எழுந்த 'தடக் தடக்' சத்தத்தில்தான், ஊரிலிருந்து இங்கே முதன்முதலாக வந்தபோது நம்மில் பலர் தூங்கினோம். இப்போது பெரும்பாலான வழியில் அந்தச் சத்தம் கேட்பதில்லையே, ஏன் என்று யாராவது யோசித்தோமா?

தண்டவாளங்களை வெல்டிங் செய்து கிலோமீட்டர் கணக்கில் ஒரே நீளமாக்கிவிட்டார்கள். அப்படியானால் வெயிலில் நீளாதா? தடையின்றி விட்டால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் அதே 40 டிகிரிக்கு 46 சென்டி மீட்டர் நீண்டுவிடும். ஆனால் ஸ்லீப்பர் கட்டைகளும் ஜல்லியும் அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. நீள முடியாத இரும்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரு முனைகளிலும் சிறிது தூரம்தான் அசையும். அங்கே அதற்கென்று தனி இணைப்பு உண்டு. ஜல்லி கலைந்து கிடக்கும் இடத்தில் கடும் வெயில் அடித்தால் தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்துவிடும். அதனால்தான் கோடைப் பகலில் கேங்மேன்கள் லைனில் ரோந்து போகிறார்கள். அந்தப் பையன் வீட்டில் இது சாப்பாட்டு நேரத்துப் பேச்சு.

சங்க நிர்வாகி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "போட்டின்னா விடைத்தாள்தான் சார் முடிவு. ஆளுக்கு ஒண்ணு சொன்னா நடத்த முடியுமா?" என்றார். அதிலும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் எழுதும் ரயில்வே தேர்வு வாரியத் தேர்வில்கூட விடைகளை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல நாள் கொடுக்கிறார்களே! ஆட்சேபணை சரியென்றால் அதற்காகக் கட்டிய பணம்கூடத் திரும்பி வருகிறது. நாற்பது பிள்ளைகள் கலந்துகொண்ட போட்டியில் இரண்டு நிமிடம் நிறுத்தி, 'எப்படிச் சொல்கிறாய் தம்பி?' என்று கேட்கக் கூடாதா?

அந்த விடைத்தாளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரகங்கள் ஒன்பது என்று இருந்தது. புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்தது 2006-ல். சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்றும் இருந்தது. தெரியாது. எந்தக் காலத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்களோ!

இத்தனையும் யார் நினைவாக? பிப்ரவரி 28, சர் சி.வி.ராமன் தம் கண்டுபிடிப்பை 1928-ல் அறிவித்த நாள். அவரும் நம்மைப்போல் வேலைக்காக வெளி மாகாணம் போனவர். கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்தபடியே மற்ற நேரத்தில் ஆராய்ச்சி செய்தார். பிறகுதான் பேராசிரியர் ஆனார். 1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலம் என்று யோசித்தார். அதற்கு அப்போது விடை இல்லாமல் இல்லை. வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். அவர் 1904-லேயே நோபல் பரிசு பெற்ற மேதை. ராமன் ஒரு சிறிய பட்டகத்தைக் கண்ணில் வைத்து, நீரில் பிரதிபலித்து வரும் வெளிச்சத்தைத் தடுத்துப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டு, கப்பல் இதே பம்பாய் துறைமுகத்தில் நிற்கையில் விஞ்ஞானப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவர் நம் வினாடி வினாவுக்கு வந்திருந்தால் அவருக்கும் 'தவறு' என்றுதான் சொல்லியிருப்போம்.

அடுத்த போட்டிக்கு முன் விடைத்தாளை ஓர் அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். அவரையே நடுவராகவும் உட்கார வைக்கலாம். காரணம் சொல்லும் பிள்ளைக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும்.

அந்தப் பையனின் 2 மதிப்பெண்ணை இப்போதும் கொடுக்கலாம். ஜூனில் பள்ளி திறக்கிறது. அதற்குள் புத்தகங்களை அவன் வீட்டில் சேர்த்துவிட்டால் நல்லது.