'ஆர்வமின்மை' என்று எழுதும் முன்...

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர் ஒருவரின் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே சென்றது. ஆசிரியர் என்ற முறையில் நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் காரணத்துக்கு ஒரு வரி மட்டுமே இடம் இருந்தது. 'படிப்பில் ஆர்வமின்மை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அது தவறு என்பதை அறிய எனக்கு ஒரு பருவம் ஆயிற்று.

அவர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, பிளஸ் 2 கணிதத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர். வகைக்கெழு, தொகையிடல் என்று அவர் கற்ற கணிதம் கல்லூரியில் முழுவதும் ஆங்கிலத்தில் வந்தபோது, தெரிந்த பாடமே தெரியாததாயிற்று. ஐயத்தை ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சம். முதல் பருவத்தில் இரண்டு அரியர். அடுத்த பருவக் கணிதத்துக்கு அதுவே அடிப்படை. பழைய பாடங்களும் புதியவையும் சேர்ந்து அழுத்த, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விடுதி அறையிலேயே முடங்கினார். குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர், இதை வீட்டில் எப்படிச் சொல்வார்?

சோம்பலாக நமக்குத் தெரிவது பல நேரங்களில் இத்தகைய அச்சமே. ஊக்கவுரைகளால் அது தீராது.

தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டமாக்கியது. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் ஏற்றது. பெருமைக்குரிய முடிவு. ஆனால், வாயிலைத் திறந்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-இல் நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் வழிகாட்டுதல் வழங்கியது. ஆலோசகரிடம் பேசியது துறைத் தலைவருக்கும் பெற்றோருக்கும் போய்ச் சேரும் என்று மாணவர் அஞ்சினால், அந்த அறைக்கு யாரும் செல்லமாட்டார்கள். ஆலோசனையை ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து முற்றிலும் பிரித்தாக வேண்டும்.

இன்னும் இரண்டு செய்யலாம். முதல் பருவத்தில் கலைச்சொற்களைத் தமிழோடு இணைத்துக் கற்பிக்கும் இணைப்பு வகுப்புகளை நடத்தலாம். முதல் அரியர் விழுந்ததும், பெற்றோரை வரவழைக்கும் முன் ஆசிரியர் மாணவருடன் தனியே அரைமணி நேரம் பேசலாம். இரண்டுக்கும் பெருஞ்செலவு ஏதுமில்லை.

என் மாணவர் மூன்றாம் முயற்சியில் அந்தக் கணிதத் தாளில் தேர்ச்சி பெற்றார். அதற்கு அவர் உழைப்பே காரணம். நான் செய்ததெல்லாம், தமிழில் கேட்கலாம் என்று சொன்னது மட்டுமே. அந்தச் சொல்லை முதல் மாதத்திலேயே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

(மன அழுத்தத்தில் இருப்போர் 14416 என்ற டெலி மானஸ் இலவச உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.)