பழைய ஆயிலை எங்கேங்க ஊத்துறது?

காருக்கு வீட்டுலயே ஆயில் மாத்துறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. டிரெய்ன் போல்ட்டைக் கழட்டணும், பழசை வடிக்கணும், ஃபில்டரை மாத்தணும், புதுசை ஊத்தணும். ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிடும். யூட்யூப்ல எத்தனையோ பேர் சொல்லித் தர்றாங்க. ஆனா வடிச்ச அந்த மூணு, மூணரை லிட்டர் கறுப்பு ஆயிலை என்ன பண்றதுன்னு ஒருத்தராவது சொல்றாரா? "அவ்ளோதான் ஃப்ரெண்ட்ஸ், லைக் பண்ணுங்க"ன்னு கையைத் துடைச்சுட்டுப் போயிடுறாங்க. ஆயில் எங்க வீட்டு பால்கனியில உக்காந்திருக்கு.

"இதை எப்பதாங்க தூக்கிப் போடுவீங்க?"ன்னு வீட்டுல தினம் அர்ச்சனை. போடுற இடம் தெரிஞ்சா போட மாட்டேனா?

குப்பை வண்டி அம்மாகிட்ட கேட்டேன். "ஐயோ சார், வண்டியெல்லாம் கொட்டிடும், எடுக்க மாட்டோம்"னாங்க. நியாயம்தான், அவங்களை என்ன சொல்ல? ஒரு உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். "ஆயிலா? வடை சுட்ட ஆயிலா சார்?"னு ஒரு குரல். வடை சுட்டதா இருந்தா பயோடீசல் பண்ண வாங்கிக்க ஆள் இருக்காம். கார் ஆயில்னு சொன்னதும் லைன்ல நிசப்தம். அப்புறம், "உங்க ஏரியா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க." ஏரியா ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு உங்களுக்கே தெரியுமே!

கீழ் வீட்டுக்காரர்தான் பெரிய மனசு பண்ணி ஐடியா குடுத்தார். "எதுக்கு சார் இவ்ளோ யோசனை? எதிர்லயே டிரெய்னேஜ் இருக்கு. ராத்திரி ஊத்திடுங்க." கவனிச்சீங்களா? ராத்திரி! அப்போ தப்புன்னு அவருக்கும் தெரிஞ்சுதானே இருக்கு?

முதல்ல, அது டிரெய்னேஜே இல்ல. மழைநீர் வடிகால். சாக்கடைத் தண்ணியாவது சுத்திகரிப்பு நிலையம்னு ஒண்ணைப் பார்க்கும். வடிகால்ல ஊத்துறது நேரா கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கடல். ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணியைக் கெடுக்கும்னு கணக்கு சொல்றாங்க. 2017 ஜனவரியில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, பசங்க வாளி வாளியா அள்ளினதை டிவியில பார்த்து "ச்சே, என்ன நாடுய்யா இது"ன்னு உச்சுக் கொட்டினவங்கதானே நாம எல்லாரும்? கீழ் வீட்டுக்காரர் உட்பட.

அவரை மட்டும் குத்தம் சொல்லவும் வாய் வரல. கொசு ஒழிப்புன்னு சொல்லி, மரத்தூளைக் கழிவு ஆயில்ல ஊறவெச்சு பந்து பந்தாக் கட்டி, தேங்கின தண்ணியில உள்ளாட்சிக்காரங்களே போடுறாங்க. பேப்பர்ல போட்டோவோட வருது. இதுல நான் போய் யாருக்கு கிளாஸ் எடுக்க?

சட்டம் இல்லாமலா? பேஷா இருக்கு. வீட்டுல சேர்ற அபாயக் கழிவை ஜனங்க கொண்டுவந்து குடுக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே எழுதியாச்சு. பெருநகர சென்னை 426 சதுர கிலோமீட்டர். அப்போ 22 மையம். உங்க பக்கத்துல ஒண்ணைக் காட்டுங்க, டீயும் பஜ்ஜியும் என் செலவு. அப்புறம் 2023-ல இன்னொரு விதி. ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளே பழைய ஆயிலை மறுசுழற்சி பண்றதுக்குப் பொறுப்பு. 2024 ஏப்ரல் 1-லிருந்து அமல். கேட்கவே குளுகுளுன்னு இருக்குல்ல? முதல் வருஷ இலக்கு 5 சதவீதம். மீதி 95? பால்கனியிலதான்.

கடைசியா தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். ஆயில்னதும் சிரிச்ச முகமா, "குடுங்க சார், பேரல்ல ஊத்திக்கிறேன்"னார். சந்தோஷம் தாங்கல. "இது எங்கண்ணே போகுது?"ன்னு வாய் சும்மா இருக்காம கேட்டுட்டேன். "வண்டி வரும், காசு குடுத்து எடுத்துட்டுப் போவாங்க. அதுக்கு மேல நமக்கெதுக்கு சார்?" பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்களுக்குத்தான் விக்கணும்னு விதி. நிஜத்துல கொஞ்சம் சென்டரிங் பலகைக்குத் தடவப் போகும், கொஞ்சம் செங்கல் சூளையில எரியப் போகும், கொஞ்சத்தை வடிகட்டி டப்பாவுல அடைச்சு டூப்ளிகேட் ஆயிலா நம்ம தலையிலயே கட்டிடுவாங்க. ஒழுங்கா சுத்திகரிச்சா மறுபடி நல்ல ஆயிலாவே வர்ற சரக்குங்க அது!

சரி, ஆயிலுக்காவது காசு இருக்கு, ஆள் வர்றான். பழைய பேட்டரிக்கும் அப்படித்தான், ஈயத்துக்கு விலை இருக்கிறதால கடைக்காரரே பில்லுல கழிச்சுக்கிட்டு வாங்கி வெச்சுக்கிறார். கூலன்ட்? அதே மெக்கானிக் அண்ணன், அதே சிரிப்பு, "அதை அப்படி ஓரமா ஊத்திட்டுப் போங்க சார்." ஓரமா! அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும். தெரு நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும். கொஞ்சம் உள்ள போனாலே கிட்னி காலி. பிரேக் ஆயிலுக்கும் கேட்க நாதி இல்ல. கார்மேல சிந்தினா பெயின்ட்டையே உரிச்சிடுற சரக்கு, அதுவும் 'ஓரமா'தான் போகுது. காசு வராத எதையும் இந்த ஊர்ல யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. விதி எழுதினவங்களுக்கு மட்டும் இது தெரியாதா என்ன?

ஜெர்மனியில, எவ்வளவு இன்ஜின் ஆயில் வித்தாரோ அவ்வளவு பழைய ஆயிலைக் கடைக்காரர் இலவசமா திருப்பி வாங்கிக்கணும். சட்டம் அப்படி. இதுல என்ன ராக்கெட் விஞ்ஞானம் இருக்கு? ஆயில் விக்கிற ஒவ்வொரு பெட்ரோல் பங்க்லயும் ஆயிலுக்கு ஒண்ணு, கூலன்ட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேரல். இடம் இருக்கு, ஆள் இருக்கு, கம்பெனி லாரியும் வந்துட்டுத்தான் இருக்கு.

அதுவரைக்கும் ஒரு உபகாரம் பண்ணுங்க. ஆயிலோட கூலன்ட்டையோ பெட்ரோலையோ கலந்துடாதீங்க, கலந்துட்டா ஒழுங்கான ஆளும் வாங்க மாட்டார். தனித்தனி கேன்ல மூடி போட்டு, பேரும் எழுதி, குழந்தைங்க கைக்கு எட்டாம வையுங்க. அடுத்த தடவை ஆயில் வாங்குறப்போ "பழசை எடுத்துப்பீங்களா?"ன்னு கடையில நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்க. நான் மட்டும் கேட்டா ஒரு மாதிரியா பார்க்குறாங்க.